எட்டாவது நாற்காலி

டெல்ஃபியா ஏயர்ஸ் ஜெயித்துவிட்டாள் என்றபோது அதை நம்ப மறுத்த முதல் ஆள் டெல்ஃபியா ஏயர்ஸ்தான். கடை வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தவள், செய்தி கொண்டுவந்தவனை, போய் வேறு வேலையைப் பார் என்று துரத்திவிட்டாள். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அந்த மலைநாட்டில் ஜெயித்து முப்பது வருஷமாகிறது. ஜெயிக்கிற பழக்கமே விட்டுப்போன கட்சி அது.

அமெரிக்காவில் ஜனாதிபதிக்கு ஜனங்கள் நேராக ஓட்டுப் போடுவதில்லை. அந்த மாநிலத்துக்கு எட்டுத் தேர்வாளர்கள். கட்சிக்கு எட்டுப் பேர் என்று ஓட்டுச் சீட்டில் இரண்டு வரிசை அச்சாகியிருக்கும். வேண்டிய எட்டுப் பெயருக்கு எதிரே பென்சிலால் குறி போட வேண்டும். ஜெயித்த எட்டுப் பேரும் ஜனவரியில் தலைநகரத்தில் கூடி ஜனாதிபதி யார் என்று ஓட்டுப் போடுவார்கள். வாஷிங்டனில் எண்ணுவது அந்த ஓட்டைத்தான். வழக்கமாகக் கட்சிக்காரன் தன் வரிசையில் மேலிருந்து கீழே கண்ணை மூடிக்கொண்டு எட்டுக் குறி போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவான். அப்பன் போட்ட கட்சி, தாத்தன் போட்ட கட்சி. எட்டும் ஒரே பக்கம்தான் விழும்.

அந்த வருஷம் அப்படி விழவில்லை. அதற்குக் காரணம் ஹார்மன் ட்ரக்ஸ்லர் என்கிற புண்ணியவான்.

ஆளுங்கட்சி வரிசையில் கடைசிப் பெயர் அவனுடையது. நிலக்கரிக் கம்பெனியின் வக்கீல். முந்தின குளிர்காலத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது, கம்பெனி வீடுகளில் குடியிருந்த சுரங்கத் தொழிலாளர்களைத் தட்டுமுட்டுச் சாமான்களோடு பனியில் இறக்கிவிட்டவன். எல்லாம் சட்டப்படிதான். பாவி, ஒரு தொட்டிலைக்கூட சட்டப்படிதான் வெளியே தூக்கி வைத்தான். அந்தக் குடும்பங்கள் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுக் கிடந்தன.

கூடாரத்துக்கு விலாசம் ஏது? விலாசம் இல்லாதவர்களின் கடிதத்தைத் திருப்பி அனுப்புவதுதான் முறை என்று கம்பெனிக்காரர்கள் வந்து சொன்னார்கள். சசாஃப்ராஸ் பள்ளத்தாக்கின் போஸ்ட்மாஸ்டரிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை. அந்தப் போஸ்ட்மாஸ்டர்தான் டெல்ஃபியா. புருஷன் லான்சோவின் மளிகைக் கடையில் ஒரு மூலையைத் தடுத்து அதைத் தபாலாபீஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கோவேறு கழுதை மேல் பையைப் போட்டுக்கொண்டு கூடாரம் கூடாரமாகப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கடிதம் கொடுத்தாள். குளிர்காலம் முழுக்கக் கொடுத்தாள்.

சுரங்கத்துக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் பரம்பரை ஆளுங்கட்சி. கட்சியை விட மனசு வரவில்லை. ட்ரக்ஸ்லருக்குக் குறி போடக் கை வரவில்லை. ஏழு பேருக்குப் போட்டார்கள். எட்டாவது குறிக்குப் பென்சிலை அடுத்த வரிசைக்குத் தாவவிட்டார்கள். அங்கே அகர வரிசையில் முதலில் நின்ற பெயர் ஏயர்ஸ். நம்ம தபால் அக்காவாச்சே என்று போட்டுத் தள்ளிவிட்டார்கள். எண்ணி முடித்தபோது ஆளுங்கட்சிக்கு ஏழு. எட்டாவது இடத்தில் ட்ரக்ஸ்லரை மண்ணைக் கவ்வவைத்து டெல்ஃபியா உட்கார்ந்திருந்தாள்.

பள்ளத்தாக்கில் அன்றைக்குத் துப்பாக்கிகளெல்லாம் வானத்தைப் பார்த்து வெடித்தன. ஒருவன் பிடில் எடுத்துக்கொண்டு வந்தான். கடையிலிருந்த ஆப்பிள் சாறு பீப்பாய் காலியானது. "மெதுவாச் சிரி டெல்ஃபி, நம்ம கட்சிக்கு மாரடைப்பு வந்துடப் போவுது" என்றான் லான்சோ. அவனுக்கு எதையும் நேராகப் பேச வராது.

நாட்டில் என்னவோ ஆளுங்கட்சியின் ஹாலோவெல்தான் ஜெயித்திருந்தார். டெல்ஃபியாவின் வேட்பாளர் ஆகஸ்டின் பிளேக் ராஃபர்ட்டி தோற்றாகிவிட்டது. இவளுடைய ஒற்றை ஓட்டால் எதுவும் புரளப் போவதில்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனால் நாற்பத்து மூன்று வயது வரை அவளை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. போஸ்ட்மாஸ்டர் வேலைகூட, வேறு யாரும் அந்தக் காட்டில் குடியிருக்கச் சம்மதிக்காததால் வந்தது. இப்போது எங்கெங்கோ இருந்த ஜனங்கள் பென்சிலை எடுத்து, ட்ரக்ஸ்லர் வேண்டாம், இவள் வேண்டும் என்று குறி போட்டிருக்கிறார்கள். அந்த நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்துவிட வேண்டும். அவளுக்கு அது போதும்.

ஜனவரியில் கூட்டத்துக்குக் குறித்திருந்த திங்கட்கிழமை தலைநகரத்துக்கு ரயிலேறினார்கள். சுரங்கத்துக்காரர்கள் ஒரு கூட்டம் கூடவே வந்தது. பழைய அரசாங்க மாளிகை தீப்பிடித்து எரிந்துபோனதால், பலகையும் அட்டையும் வைத்து அவசரமாக ஒரு கட்டடம் எழுப்பியிருந்தார்கள். ஊரே அதை அட்டை மாளிகை என்று கேலி செய்யும். அந்த அட்டை மாளிகையின் கூடத்தில் எட்டு நாற்காலிகள் போட்டிருந்தன. எட்டாவதில் டெல்ஃபியா உட்கார்ந்தாள். உட்கார்ந்திருந்தது அதிகம் போனால் கால் மணி நேரம்.

தலைமை வகித்தவர் வெர்னன் ஸ்ட்ரேடர். ஆளுங்கட்சித் தேர்வாளர், மாட்டுத் தீவன ஆலைக்காரர், பேசினால் பக்கத்து ஊருக்குக் கேட்கும் தொண்டை. அவர் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்து டெல்ஃபியாவின் பெயரைச் சொன்னதும், பார்வையாளர் பக்கத்திலிருந்து ட்ரக்ஸ்லர் எழுந்தான். ஆட்சேபணை என்றான். கையில் நாட்டின் அரசியல் சட்டம். மத்திய அரசாங்கத்தில் சம்பளம் வாங்கும் பதவியில் இருப்பவர் யாரும் தேர்வாளர் ஆக முடியாது. இந்த அம்மாள் போஸ்ட்மாஸ்டர். தேர்தல் நாளன்றும் போஸ்ட்மாஸ்டர், இன்றைக்கும் போஸ்ட்மாஸ்டர். ஆகவே அவர் ஜெயித்தது செல்லாது, எட்டாவது இடம் காலி, காலியிடத்தை மற்ற ஏழு பேரும் சேர்ந்து நிரப்ப வேண்டும் என்று படித்தான். ஏழு பேரும் அவனுடைய கட்சி. யாரை வைத்து நிரப்புவார்கள் என்று அவன் சொல்லவில்லை. தலையை மட்டும் நன்றாக வாரிக்கொண்டு வந்திருந்தான்.

கூடம் கொந்தளித்தது. எந்த வேலையால் ஜனங்கள் அவளைத் தேர்ந்தெடுத்தார்களோ அந்த வேலையே குழி பறிக்கிறது! இது அவள் கட்சிக்காரர்களுக்குத் தெரியாதா என்றால், தெரியாது. தோற்கப் போகிற பட்டியலை யாராவது சரிபார்ப்பார்களா? பெயர் போட ஆள் கிடைத்ததே என்று அச்சுக்கு அனுப்பியிருந்தார்கள். ட்ரக்ஸ்லருக்கு நவம்பரிலேயே தெரியும். அவர்கள் மாற்று வழி தேட நேரம் கொடுக்கக் கூடாது என்று இன்றுவரை வாயைத் திறக்காமல் வைத்திருந்தான்.

ஸ்ட்ரேடர் சட்டப் புத்தகத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். வேறு வழியில்லை என்றார். சாப்பாட்டுக்குப் பிறகு கூடுவோம் என்று எழுந்துவிட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

நடைவழியில் டெல்ஃபியா அவரை மறித்துக்கொண்டு நின்றாள். காலியிடத்துக்கு யாரை வேண்டுமானாலும் எடுக்கலாமா என்று கேட்டாள். இந்த மாநிலத்துக்காரராக இருக்க வேண்டும், மத்திய அரசாங்க வேலையில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்றார் அவர்.

"அப்போ நான் இப்பவே வேலையை விட்டுட்டா?"

ஸ்ட்ரேடருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "வேலையை விட்டா உங்களையே எடுக்கலாம்மா. சட்டம் தடுக்காது. ஆனா எடுக்க வேண்டியது நாங்க ஏழு பேர். நாங்க எந்தக் கட்சின்னு மறந்துடாதீங்க. வேலையும் போயி, நாற்காலியும் போயி, வெறுங்கையோட ஊர் திரும்புவீங்க."

அவர் மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னார்.

எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் லான்சோவின் எதிரே உட்கார்ந்து, அவித்த பயறையும் சோளரொட்டியையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தபாலாபீஸ் போனால் கடைக்கு வருகிற கூட்டம் பாதியாகக் குறையும் என்பது இருவருக்கும் தெரியும். கடிதம் வாங்க வருகிறவன்தான் மாவும் மண்ணெண்ணெயும் வாங்குகிறான். அதைவிட, காலையில் தபால் பையின் வாரை அவிழ்க்கும்போது அவளுக்கு ஒரு சந்தோஷம் உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை. இதையெல்லாம் நினைத்துக்கொண்டு, என்ன செய்யட்டும் என்று கேட்டாள்.

லான்சோ வழக்கம்போல ஏதோ கோணலாகச் சொல்லப் போகிறான் என்று பார்த்தாள். அவன் சொல்லவில்லை.

"அந்தாளு அந்த நாற்காலில உக்காந்தா, பொண்டு புள்ளைங்கள பனியில தள்ளினது சரிதான்னு ஆயிடும். நீ வேலைய விடு. கடைய நான் பாத்துக்கறேன்."

தந்தி ஆபீஸுக்கு நடந்தார்கள். போஸ்ட்மாஸ்டர் பதவியை இந்த நிமிஷமே ராஜினாமா செய்கிறேன், ஏற்றுக்கொண்டதற்குப் பதில் தரவும் என்று வாஷிங்டன் தபால் இலாகாவுக்கு எழுதிக் கொடுத்தாள். வாஷிங்டன்காரர்களின் வேகம் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு முத்திரை மை கேட்டால் அடுத்த பனிக்காலத்தில் வரும். ஆனால் எதிர்க்கட்சிக்காரி ஒருத்தி போஸ்ட்மாஸ்டர் வேலையைத் தானாக விடுகிறாள் என்றால், அந்த வேலையைத் தங்கள் ஆளுக்குக் கொடுக்கலாமே! தந்திக்காரன் பைப்பில் புகையிலை அடைத்துப் பற்றவைப்பதற்குள் பதில் வந்துவிட்டது. ஏற்றுக்கொள்ளப்பட்டது, நன்றி. அரசாங்கம் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. அழவா சிரிக்கவா என்று தெரியாமல் சிரித்தாள்.

பிற்பகலில் கூடம் முன்னைவிட நெரிசலாக இருந்தது. டெல்ஃபியா நேரே போய் ஸ்ட்ரேடரின் மேஜை மேல் தந்தியை வைத்தாள். வெளியே போவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்ல அனுமதி கேட்டாள். ட்ரக்ஸ்லர் அதற்கும் ஆட்சேபித்தான். ஸ்ட்ரேடர் அவனை உட்காரச் சொன்னார்.

அவள் மேடையில் பேசிப் பழகினவள் அல்ல. ஏழு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"உங்க ஏழு பேருக்கும் குறி போட்டது யாரு? சுரங்கத்து ஆளுங்க. ஏழு குறி போட்டுட்டு, அதே சீட்டுல, அதே பென்சில எடுத்துத்தான் எனக்கும் போட்டாங்க. அந்த எட்டாவது குறி மட்டும் பிழைன்னா, உங்களுக்கு விழுந்த ஏழும் என்னாச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். சட்டப்படி அந்த இடம் காலியாக வேண்டுமானால் அவள் அங்கே இருக்கக் கூடாது. கதவு சாத்திக்கொண்டது. நடைவழியில் சுரங்கத்துக்காரர்கள் சுவரோரமாக நின்றார்கள். லான்சோ அவளுக்கு ஒரு பெஞ்சைக் காட்டினான். அவள் உட்காரவில்லை.

அட்டைச் சுவருக்கு அன்றைக்குக் கும்பிடு போட வேண்டும். உள்ளே பேசுவது அத்தனையும் கேட்டது. ட்ரக்ஸ்லர் உருகி உருகிப் பேசினான். கட்சியின் மானம் என்றான். எட்டுக்கு எட்டும் ஹாலோவெலுக்கே என்று நாளைக் காலைப் பத்திரிகையில் வந்தால் எப்படி இருக்கும் என்றான். கம்பெனியின் கோவேறு கழுதைகளுக்கெல்லாம் தீவனம் யாருடைய ஆலையிலிருந்து வருகிறது என்பதையும் ஸ்ட்ரேடருக்கு நாசூக்காக நினைவுபடுத்தினான். முடிந்தது என்று டெல்ஃபியா நினைத்தாள். நாளை முதல் தபாலும் இல்லை, நாற்காலியும் இல்லை. முட்டாள்தனமான ஒரு தந்திதான் மிச்சம்.

பிறகு நாற்காலிகள் இழுபடும் சத்தம். துண்டுக் காகிதங்கள் கிழிபடும் சத்தம். ஸ்ட்ரேடரின் குரல் ஒவ்வொரு சீட்டாகப் படித்தது.

"ட்ரக்ஸ்லர்."

நடைவழியில் ஒருவன் காறித் துப்பப் போய், பக்கத்திலிருந்தவன் முழங்கையால் இடித்ததும் விழுங்கிக்கொண்டான்.

அடுத்ததும் ட்ரக்ஸ்லர். டெல்ஃபியா லான்சோவின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது சீட்டைப் பிரித்த ஸ்ட்ரேடர், ஏயர்ஸ் என்றார். ஆளுங்கட்சிக்காரன் ஒருவன், உள்ளே உட்கார்ந்துகொண்டு, கதவுக்கு வெளியே நிற்கும் எதிர்க்கட்சிக்காரியின் பெயரை எழுதியிருக்கிறான்! நான்காவது ஏயர்ஸ். ஐந்தாவது ட்ரக்ஸ்லர். ஆறாவது மறுபடியும் ஏயர்ஸ். மூன்றுக்கு மூன்று.

ஏழாவது சீட்டு பிரிபட்டது கேட்டது. படிக்கும் குரல் வரவில்லை.

"அது அவரோட சீட்டுதான் போல. சொந்தக் கையெழுத்தப் படிக்க இவ்வளவு நேரமா?" என்று லான்சோ முணுமுணுத்தான்.

உள்ளே ஒரு கனைப்பு. பக்கத்து ஊருக்குக் கேட்கிற அந்தத் தொண்டை திறந்தது.

"டெல்ஃபியா ஏயர்ஸ்."

அதற்குப் பிறகு அட்டை மாளிகை எப்படி நின்றது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். சுரங்கத்துக்காரர்கள் காலணியால் பலகைத் தரையை உதைத்த உதையில் சுவரில் மாட்டியிருந்த கவர்னர் படம் ஒன்று கழன்று விழுந்தது. லான்சோ பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். கதவைத் திறந்த சேவகன், ஏயர்ஸ் அம்மாள் உள்ளே வரலாம் என்று சொன்னது யார் காதிலும் விழவில்லை. அவளைத் தோளைப் பிடித்துத் தள்ளித்தான் உள்ளே அனுப்பினார்கள்.

எட்டாவது நாற்காலி அப்படியே இருந்தது. டெல்ஃபியா உட்கார்ந்தாள். சத்தியப்பிரமாணம் எடுத்தாள். ஜனாதிபதிக்கான ஓட்டுச் சீட்டு கொடுக்கப்பட்டது. பக்கத்து நாற்காலியில் இருந்த மீசைக்காரத் தேர்வாளர் மெல்லச் சாய்ந்து, இவ்வளவு செய்தோமே, எட்டும் ஒரே பெயராக இருந்தால் பார்க்க அழகாக இருக்குமே என்றார். நல்ல மனுஷர்தான், ஒருவேளை அவளுக்கு எழுதிய நால்வரில் ஒருவராகவும் இருக்கலாம். ஆசை யாரை விட்டது?

"அழகாத்தான் இருக்கும் ஐயா. அதுக்கு ட்ரக்ஸ்லரே போதுமே. என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றாள் டெல்ஃபியா.

மீசைக்காரர் சிரித்துவிட்டார். அவள் எழுதினாள். மடித்துப் பெட்டியில் போட்டாள்.

ஸ்ட்ரேடர் எட்டுச் சீட்டையும் எண்ணி எழுந்து நின்றார். ஹாலோவெலுக்கு ஏழு என்று வாசித்தார். ஆளுங்கட்சிக்காரர்கள் கை தட்டினார்கள். பிறகு கடைசிச் சீட்டை எடுத்தார். இலையுதிர்காலம் முழுக்க ஊர் ஊராக மேடை போட்டு அவர் திட்டித் தீர்த்த பெயர் அது. முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நடைவழியில் நின்றவர்களுக்கும் தெருவில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, முழுப் பெயரையும் ஒரு எழுத்து விடாமல் வாசித்தார்.

"ஆகஸ்டின் பிளேக் ராஃபர்ட்டி, ஒன்று."

ட்ரக்ஸ்லர் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தான். வெளியே யாரோ ஒருவன், ஒண்ணு, ஒண்ணு என்று கத்தினான். கூட்டம் மொத்தமும் அதைப் பிடித்துக்கொண்டு கூவியது. ஏழு பேருக்கு அப்படி யாரும் கூவவில்லை. எட்டாவது நாற்காலியில் வேலை போன ஒரு போஸ்ட்மாஸ்டர் உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். முதலில் ஜனங்கள் தேர்ந்தெடுத்தார்கள், பிறகு எதிராளிகளும் தேர்ந்தெடுத்தார்கள். அவளை எழுப்ப இனி எந்த வக்கீலாலும் முடியாது.